தபால்காரர் கட்டின வீட்டுக்கு ஒரு பேரூந்து

பிரான்சில் இருக்கிற எங்கள் தமிழ்ப் பள்ளியின் நிர்வாகக் குழுவினருக்கும், ஆசிரியர்களுக்கும், பெற்றோருக்கும் வணக்கம்.

சென்ற கூட்டத்தில் ஆண்டுச் சுற்றுலாவுக்கு எங்கே போவது என்று பேச்சு வந்தபோது, வழக்கமான மூன்று பெயர்கள் வந்தன. டிஸ்னிலான்ட், அஸ்ரெறிக்ஸ் பூங்கா, நோர்மண்டிக் கடற்கரை. நான் நான்காவதாக ஓத்ரீவ் என்று சொன்னேன். "அது எங்கையண்ணை இருக்கு?" என்று ஒருவர் கேட்டார். தெற்கே, துறோம் மாவட்டத்தில், ஏறக்குறைய 2,000 பேர் மட்டும் உள்ள ஒரு கிராமம், அங்கே ஒரு தபால்காரர் தன் கையால் கட்டின அரண்மனை இருக்கிறது என்றேன். பின்வரிசையில் இருந்து ஒரு குரல் வந்தது: "தபால்காரன் கட்டின வீட்டைப் பாக்கவோ பஸ் பிடிக்கிறது?" இன்னொருவர் "பைத்தியக்காரன் கட்டினது" என்றார். தூரம் கூட என்றும் சொன்னார்கள்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டிஸ்னிலான்ட் என்று குறிப்பேட்டில் எழுதிக் கூட்டம் முடிந்தது.

இரவு வீட்டுக்கு வந்து படுத்தபிறகுதான் அந்தச் சிரிப்பு உறுத்தத் தொடங்கியது. அந்த அறையில் இருந்தவர்கள் யார்? கோப்பை கழுவி வாழ்க்கையைத் தொடங்கினவர்கள் பாதிப் பேர். நானும் அதில் ஒருவன். காலை ஐந்தரைக்கு முதல் மெத்ரோவைப் பிடித்து அலுவலகங்களைத் துடைக்கப் போகிற பெண்கள் நாலைந்து பேர். கட்டட வேலை செய்கிறவர்கள், பொதி கொண்டுபோய்க் கொடுக்கிறவர்கள், இன்னும் விசா சரிவராதவர்கள். நான் வந்த புதிதில் இரண்டு வருடம் விளம்பரம் போட்டவன். ஒற்றைச் சில்லு இழுவைப் பையில் கடதாசியை அடுக்கிக்கொண்டு, படி ஏறி இறங்கி, ஒவ்வொரு தபால்பெட்டியாகப் போட்டுக்கொண்டு போகிற வேலை. ஒரு தபால்காரன் கட்டின வீட்டைப் பார்த்துச் சிரிப்பதற்கு இந்த நாட்டிலேயே உரிமை குறைந்த ஆட்கள் நாங்கள்தான். ஆகவே கூட்டத்தில் இரண்டு நிமிடத்தில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். எல்லோரும் வாசிக்கட்டும் என்றுதான் திறந்த மடலாக எழுதுகிறேன்.

அந்தத் தபால்காரரின் பெயர் ஃபெர்தினான் ஷெவால். ஷெவால் என்றால் குதிரை என்று உங்கள் பிள்ளைகள் உடனே சொல்லுவார்கள். 1836இல் துறோமிலேயே ஒரு ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிக்கூடத்தைச் சரியாகக் கண்டவர் இல்லை. பதின்மூன்று வயதில் பாண் போடும் வேலை பழகப் போனார். 1867இல் தபால் வேலை கிடைத்தது, 1869இல் ஓத்ரீவுக்கு வந்தார். அந்தக் காலத்து நாட்டுப்புறத் தபால்காரருக்கு சைக்கிளும் இல்லை, வண்டிலும் இல்லை. கால்தான். நாளொன்றுக்கு 30 கிலோமீட்டருக்கு மேல், மேடும் பள்ளமுமான பாதையில், தனியே.

தனியே நடக்கிறவனுக்கு நினைக்க நேரம் உண்டு. ஒரே பாதை, அதே மரங்கள், அதே வீட்டு நாய்கள். கனவு காணாமல் வேறு என்ன செய்வது என்று அவரே பிறகு எழுதிய கடிதத்தில் கேட்கிறார். மனதுக்குள் ஒரு மாளிகையைக் கட்டினார். கோபுரம், குகை, தோட்டம் எல்லாம் அதற்குள் இருந்தன. ஊரார் பைத்தியம் என்பார்கள் என்று பயந்து ஒருவருக்கும் சொல்லவில்லை. பத்துப் பன்னிரண்டு வருடத்தில் அதை மறந்தே போனார்.

1879 ஏப்ரலில், 43 வயதில், நடந்துகொண்டிருந்தவரின் கால் ஒரு கல்லில் தடக்கியது. விழப் பார்த்தார். எது தடக்கியது என்று குனிந்து பார்த்தால், விசித்திரமான வடிவத்தில் ஒரு கல். கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அடுத்த நாள் அதே இடத்துக்குப் போனார். இன்னும் அழகான கற்கள் கிடந்தன. நீர் அரித்தும் காலம் இறுக்கியும் உருவான கற்கள். இயற்கையே சிற்ப வேலை செய்யும் என்றால், மேசன் வேலையும் கட்டடக் கலையும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாராம்.

முதலில் சட்டைப்பைகளில் கொண்டுவந்தார். பைகள் கிழிந்தன. பிறகு கூடைகளில் தூக்கினார். பிறகு ஒற்றைச் சில்லுத் தள்ளுவண்டில். பகலில் தபால் கொடுத்துக்கொண்டு போகும்போது கற்களைப் பொறுக்கி வழியோரம் குவித்து வைப்பார். வேலை முடிந்த பிறகு வண்டிலோடு திரும்பிப் போய் அவற்றை ஏற்றிக்கொண்டு வருவார். இரவில் விளக்கு வெளிச்சத்தில் கட்டுவார். அந்த வண்டில் இன்றும் அரண்மனைக்குள் ஒரு மாடத்தில் இருக்கிறது. சுவாமி வைக்கிற இடத்தில் வண்டில். அதற்கு ஒரு கவிதைகூட எழுதி வைத்திருக்கிறார், வண்டிலே பேசுவது போல.

இப்படி 33 வருடம். தன் கணக்கைச் சுவரிலேயே எழுதியிருக்கிறார்: 1879 முதல் 1912 வரை, 10,000 நாள், 93,000 மணித்தியாலம். கீழே ஒரு சவால்: என்னைவிடப் பிடிவாதக்காரன் எவனாவது இருந்தால் வேலையைத் தொடங்கட்டும்.

93,000 மணித்தியாலத்தை நான் எங்கள் கணக்குக்கு மாற்றிப் பார்த்தேன். கிழமைக்கு 35 மணித்தியாலம் என்று வைத்தால், விடுமுறையே எடுக்காமல் 51 வருட வேலை. அதை அவர் சம்பள வேலைக்கு வெளியே செய்திருக்கிறார். கடைசிப் பதினாறு வருடம் மட்டுமே ஓய்வூதியத்தில் இருந்தவர். இரண்டு வேலை செய்தவர்களுக்கு அந்தக் களைப்பு என்ன என்று தெரியும். எங்கள் இரண்டாவது வேலை சீட்டுக்கும் சீதனத்துக்கும் ஊருக்குக் காசு அனுப்பவும் போனது. அவருடைய இரண்டாவது வேலைக்கு ஒரு சதமும் வரவில்லை, செலவுதான்.

நான் போனது போன வருடம் ஈஸ்டர் விடுமுறையில். லியோனில் இருக்கிற கூட்டாளி காரில் கூட்டிக்கொண்டு போனான். லியோனில் இருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர். கலோர் என்ற சிறிய ஆறு ஓடுகிற பள்ளத்தாக்கு. ஊர்ப் பெயரைப் பிரித்தால் 'உயர்ந்த கரைகள்' என்று வரும். பிரான்சின் ஏறக்குறைய 35,000 கொமூன்களில், அதாவது ஊராட்சிகளில், பாதிக்கு மேற்பட்டவற்றில் 500 பேர்கூட இல்லை, ஆகவே ஓத்ரீவ் அவற்றோடு பார்த்தால் பெரிய ஊர்தான். பரிஸ் நகரத்தில் எங்கள் கடைகள் இருக்கிற லாச்சப்பல் தெரு ஒன்றில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் நிற்கிற சனத்தை அங்கே கொண்டுபோய் இறக்கினால் ஊர் நிறைந்துவிடும். ஒரு கொமூனுக்கு ஒரு மேரி (சபைக் கந்தோர்), ஒரு மேயர், ஒரு சபை. எங்களுக்கு மேரி என்றால் பிறப்புப் பத்திரம் எடுக்கிற இடம், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் பதிகிற இடம். அந்த ஊர்ச் சபைக்கு அதோடு ஒரு அரண்மனையையும் பராமரிக்கிற பொறுப்பு. 1994 முதல் அது ஊரின் சொத்து. வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பார்க்க வருகிறார்கள்.

உண்மையைச் சொன்னால், முதல் பார்வையில் எனக்குப் பிடிக்கவில்லை. 26 மீற்றர் நீளம், உயரம் ஒரு மூன்று மாடி வீட்டளவு. மெழுகுதிரி உருகி வழிந்த மாதிரி. கண் நின்று ஆறுவதற்கு ஒரு சாண் வெறுஞ்சுவர் இல்லை. கல், சிப்பி, நத்தை ஓடு, அவற்றுக்கு மேலே சீமெந்து, சீமெந்தில் மரம், மிருகம், பறவை, எழுத்து. கிழக்குப் பக்கத்தில் நெட்டையாக மூன்று பேர் நிற்கிறார்கள், கால்கள் மட்டும் தென்னை மாதிரி. ஒன்று சீசர், ஒன்று வெர்சேன்ஜெத்தோறிக்ஸ், மற்றது ஆர்க்கிமிடீஸ். (அஸ்ரெறிக்ஸ் பூங்கா கேட்ட பெற்றோர் கவனிக்கவும். அஸ்ரெறிக்ஸ் சித்திரக்கதையில் சீசரின் காலடியில் ஆயுதங்களைப் போடுகிற வெர்சேன்ஜெத்தோறிக்ஸை, பழைய பிரான்சின் அந்தக் கோல் இனத் தலைவனை, உங்கள் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். இங்கே இரண்டு பேரும் ஒரே உயரத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள்.) அந்தக் கிழக்குப் பக்கம் ஒன்றுக்கே இருபது வருடம் எடுத்ததாம்.

கூட்டாளி கோப்பி குடிக்க வெளியே போய்விட்டான். நான் ஒரு தூண் அடியில் நின்று கிட்டப் பார்த்தேன். கட்டட வேலை செய்த ஆட்களுக்குச் சொல்கிறேன்: உள்ளே கம்பி, கம்பியைச் சுற்றிக் கட்டு, அதற்கு மேலே சுண்ணாம்புச் சாந்து. கொங்கிறீட் வேலை ஊர் ஊராகப் பரவுவதற்கு முந்திய காலத்தில் ஒருவர் தானாகக் கண்டுபிடித்துச் செய்திருக்கிறார். வரைபடம் இல்லை, படித்த பொறியியலாளர் இல்லை. பிறகு தூரப் போய்ப் பார்த்தேன். இப்போது கண் பழகிவிட்டது. நல்லூர்த் தேரை முதன்முதல் பார்க்கிற வெள்ளைக்காரனுக்கும் கண் இப்படித்தான் திணறும்.

மேற்குப் பக்கத்துக்குப் போனபோதுதான் நின்றுவிட்டேன். அங்கே வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டடங்கள், மாடங்களுக்குள் வைத்த பொம்மை வீடுகள் மாதிரி. சுவிஸ் மலை வீடு, அமெரிக்காவின் வெள்ளை மாளிகை, அல்ஜியர்ஸ் நகரத்து வீடு, ஒரு பழைய கோட்டை. அவற்றோடு ஒன்று, பக்கத்தில் பிரெஞ்சில் எழுதியிருக்கிறது: இந்துக் கோயில். அதே சுவரில் ஒரு மசூதியும் உண்டு.

சொன்னால் கோபிக்க வேண்டாம், அது எங்கள் கோயில் மாதிரி இல்லவே இல்லை. கோபுரம் இல்லை, கொடிமரம் இல்லை. எங்கள் பிள்ளைகளில் ஆறு வயது நிரம்பினவன்கூட "இது பிழை" என்று சொல்லுவான். சொல்லட்டும். அதற்காகத்தான் கூட்டிக்கொண்டு போகச் சொல்கிறேன். ஷெவால் துறோம் பக்கத்தைவிட்டு வெளியே அதிகம் போனவர் இல்லை. அவருடைய தோல்பையில் வந்த படம்போட்ட சஞ்சிகைகளும், அந்தக் காலத்தில்தான் புதிதாக வரத் தொடங்கிய தபாலட்டைகளும்தான் அவர் கண்ட உலகம். மற்றவர்களுக்கு வந்த படங்களைப் பார்த்து, தூரத்தில் எங்கோ இருக்கிற மக்களுக்கும் ஒரு கோயில் இருக்கும், அதற்கும் என் சுவரில் ஒரு இடம் வேண்டும் என்று நினைத்திருக்கிறார். கிழக்கின் தேவதைகள் மேற்கோடு உறவாட வருகிறார்கள் என்று ஓரிடத்தில் எழுதியும் வைத்திருக்கிறார்.

நாங்கள் இந்த நாட்டுக்கு வருவதற்கு நூறு வருடத்துக்கு முதல், ஒரு பட்டிக்காட்டுத் தபால்காரர் எங்களை எதிர்பார்த்து இடம் விட்டிருக்கிறார் என்று நான் சொன்னால் அது கொஞ்சம் மிகைதான். ஆனால் அந்தச் சுவருக்கு முன்னால் நின்றபோது எனக்கு அப்படித்தான் பட்டது.

இன்னொரு எழுத்தும் அங்கே உண்டு. அதற்காக மட்டுமே பேரூந்து பிடிக்கலாம் என்பேன். விவசாயியின் மகனாகிய நான், என் வகையைச் சேர்ந்த மனிதரிலும் மேதைமையும் ஊக்கமும் உள்ளவர்கள் உண்டு என்று நிரூபிக்கவே வாழவும் சாகவும் விரும்புகிறேன். என் வகை என்கிறார். சாதி என்றும் சொல்லலாம், வர்க்கம் என்றும் சொல்லலாம். நாங்கள் இங்கே வந்தும் முதுகில் மூட்டை கட்டிக்கொண்டு வந்த சாதியை இறக்கி வைக்காதவர்கள். ஆகவே அந்த வசனத்தை எங்கள் பெரிய வகுப்புப் பிள்ளைகள் நின்று வாசிக்க வேண்டும், கூடவே பெற்றோரும்.

இந்த இடத்தில் ஒரு முறைப்பாடும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் அவரைத் தெய்வமாக்கிவிட்டேன் என்று ஆசிரியைகள் பிடித்துக்கொள்வார்கள். சுவரில் 'தனியொருவனின் உழைப்பு' என்று பெருமையாக எழுதியிருக்கிறார். கல்லைப் பொறுக்கினதும் சாந்து குழைத்ததும் அவர்தான், மறுக்கவில்லை. ஆனால் 33 வருடம் சீமெந்து படிந்த உடுப்பைத் தோய்த்தது யார்? இரவில் அவர் விளக்கோடு நிற்க, அடுப்படியில் சாப்பாட்டை மூடி வைத்துக்கொண்டு காத்திருந்தது யார்? முதல் மனைவி ரோசலி 1873இல் செத்துப்போனாள். இரண்டாவது மனைவி பிலோமென். அரண்மனை தொடங்கின அதே 1879இல் மகள் அலிஸ் பிறந்தாள். 15 வயதில், 1894இல், அவளும் போய்விட்டாள். பக்கத்தில் கட்டின வீட்டுக்கு அவளுடைய பெயரை ஒட்டியே பெயர் வைத்தார். அரண்மனை முடிந்த 1912இல் மகன் சிரில் இறந்தான். 1914இல் பிலோமென். உங்கள் உயர்வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைக் கட்டுரைத் தலைப்பாகக் கொடுங்கள்: தனியொருவனின் உழைப்பு என்று ஒன்று உண்டா?

இனி, "பைத்தியக்காரன் கட்டினது" என்று கூட்டத்தில் சொன்ன அன்பருக்கு.

உங்களுக்கு முதலே அவருடைய ஊரார் அதைச் சொல்லிவிட்டார்கள். கல்லால் தோட்டத்தை நிரப்புகிற பாவப்பட்ட கிழட்டுப் பைத்தியம் என்று சொன்னார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். ஊராருக்குப் பிறகு அரசாங்கம் சொன்னது. அவர் இறந்து நாற்பது வருடத்துக்குப் பிறகு, 1960களில், இதைப் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக அறிவிப்பதா என்ற கேள்வி வந்தபோது, பண்பாட்டு அமைச்சின் அறிக்கை ஒன்று 'முழுவதும் அருவருப்பானது' என்றது. ஒரு பட்டிக்காட்டானின் மண்டைக்குள் குழம்பிக் கிடந்த பிதற்றல்களின் பரிதாபக் குவியல் என்றும் எழுதியது. அந்தப் பிரெஞ்சுச் சொல்லை வாசித்தபோது எனக்கு எங்கள் ஊர் கந்தோர்களில் இங்கிலிசு தெரியாத கிழவர்களைப் பார்த்துப் பேசிய குரல் கேட்டது. உலகம் முழுக்கக் கந்தோருக்கு ஒரே குரல்தான் போல.

ஆனால் அந்த அமைச்சுக்குத் தலைவராக இருந்தவர் அந்த்ரே மல்றோ. அவர் தன் அதிகாரிகளின் சொல்லைக் கேட்கவில்லை. எங்கும் படிக்காத ஒருவர் தன் போக்கில் செய்த கலைக்கு உலகத்தில் இதைப்போல இன்னொரு கட்டடம் இல்லை, அதைக் காப்பாற்றாமல் விடுவது சிறுபிள்ளைத்தனம் என்பது அவருடைய எண்ணம். 1969இல் அது சட்டப்படி வரலாற்று நினைவுச்சின்னம் ஆனது. நோத்ர தாம் தேவாலயத்துக்கும் வெர்சாய் அரண்மனைக்கும் இருக்கிற அதே சட்டம், அதே பாதுகாப்பு. மல்றோவுக்கு முதலே கவிஞர் ப்ரெத்தோன் போய்ப் பார்த்துவிட்டு எழுதியிருந்தார். பிக்காசோவும் 1937இல் போனவர். 1984இல் தபால் திணைக்களம் அரண்மனைக்கு ஒரு முத்திரை வெளியிட்டது. தபால்காரர்கள் அந்த முத்திரை ஒட்டின கடிதங்களைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போயிருப்பார்கள்.

நான் இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், மரபுரிமை என்றால் என்ன என்பதில் எங்களிடம் ஒரு பிழை இருக்கிறது. பிள்ளைகளிடம் தமிழர் மரபுரிமை பற்றிப் பேசச் சொன்னால் தஞ்சைப் பெரிய கோயில், கல்லணை, சங்கிலியன் தோப்பு வளைவு. பிரெஞ்சு மரபுரிமை என்றால் ஐபெல் கோபுரம், வெர்சாய். எல்லாம் அரசரோ அரசோ பெரிய கொம்பனியோ கட்டினது. கல் சுமந்தவனுக்குப் பெயர் இல்லை. இரண்டு பக்கத்திலும் பிள்ளை படிக்கிறது ஒன்றே: பெரிய ஆட்கள் கட்டுவார்கள், நாங்கள் நின்று படம் எடுப்போம். பிறகு அதே பிள்ளை வகுப்பில் அப்பாவின் வேலை என்ன என்று கேட்டால் "ரெஸ்ரோறன்ற்" என்று மட்டும் சொல்லிவிட்டு, அதில் என்ன வேலை என்பதை விழுங்கிவிடுகிறது. என் மகன் விழுங்கினவன். எனக்குத் தெரியும் என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது.

ஓத்ரீவில் கல் சுமந்தவனுக்குப் பெயர் இருக்கிறது. கற்களைச் சுமந்த வண்டிலுக்கே இடம் இருக்கிறது. அவரைப் பைத்தியம் என்ற ஊர்தான் இன்று அவர் பெயரால் சீவிக்கிறது. அந்த ஊர்ச் சபை மழையில் அரிக்கிற சுவரையும், பாசி பிடிக்கிற சிற்பத்தையும் வருடா வருடம் கவனிக்க வேண்டியிருக்கிறது. மென்மையான கல், வெடிக்கிற சாந்து, துருப்பிடிக்கிற கம்பி. வெர்சாய்க்குப் பின்னால் ஒரு அரசு நிற்கிறது. இங்கே முதற்பொறுப்பு ஒரு கிராமத்துக்கு. எங்கள் சங்கத்தைவிடச் சற்றே பெரிய கூட்டம் அது. ஒரு சிறிய கூட்டம் தன் சொத்தை எப்படிப் பார்த்துக்கொள்கிறது என்பதைப் பிள்ளைகளைவிட எங்கள் நிர்வாகக் குழு பார்ப்பது நல்லது. எங்கள் பள்ளியின் முதல் பத்து வருடப் படங்களும் கையெழுத்து மலர்களும் யாருடைய நிலவறையில் எந்தப் பெட்டிக்குள் கிடக்கின்றன என்று கேட்டால் எத்தனை பேருக்குப் பதில் தெரியும்?

கல்லறை பற்றியும் ஒரு வார்த்தை. ஷெவால் தன் அரண்மனைக்குள்ளேயே தன்னைப் புதைக்க வேண்டும் என்று விரும்பினவர். சட்டம் விடவில்லை. 78 வயதில் திரும்பவும் வண்டிலை எடுத்தார். ஊர்ச் சவக்காலையில் இன்னும் எட்டு வருடம் உழைத்து 1922இல் தன் கல்லறையைக் கட்டி முடித்தார். மௌனமும் முடிவில்லா ஓய்வும் கொண்ட கல்லறை என்று அதற்குப் பெயர் வைத்தார். 1924 ஆகஸ்டில், 88 வயதில், அதற்குள் போய்ப் படுத்தார். "சவக்காலைக்குப் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போறதோ" என்று அம்மாமார் சிலர் கேட்பார்கள் என்று தெரியும். விருப்பமில்லாதவர்கள் வெளியே நிற்கட்டும். வந்து முழுகினால் போகாத துடக்கு அங்கே ஒன்றும் இல்லை.

தூரம் பற்றிச் சொன்னீர்கள். பரிஸ் நகரத்தில் இருந்து 500 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூட. ஒவ்வொரு ஆவணியிலும் மாதா திருநாளுக்கு லூர்துக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் பேரூந்தில் போகிறோம், சைவக்காரரும் சேர்ந்துதான். இரவு முழுக்கப் பாட்டு, இடையில் நிறுத்திப் புளிச்சாதம். அப்போது ஒருவருக்கும் தூரம் தெரிவதில்லை. ஒருநாளில் போய்வர முடியாது என்பது உண்மை. ஆகவே இரண்டு நாள் என்று போடுங்கள். முதல் நாள் லியோனில் தங்கலாம். அங்கேயுள்ள எங்கள் ஆட்களிடம் ஒரு மண்டபம் கேட்பது பெரிய காரியமில்லை. புரட்டாதியின் மூன்றாவது சனி, ஞாயிறு மரபுரிமை நாட்கள். நாடு முழுக்கப் பூட்டிக் கிடக்கிற கட்டடங்களைக்கூடத் திறந்துவிடுகிற அந்த இரண்டு நாளை நாங்கள் இத்தனை வருடம் லாச்சப்பலில் மரக்கறி வாங்கித் தீர்த்தோம். அந்தக் கிழமை கூட்டம் அதிகம் என்றால் வைகாசியில் வருகிற நீண்ட வார இறுதி ஒன்றைப் பாருங்கள்.

என் விருப்பம் ஒன்றும் உண்டு, குழு ஏற்றுக்கொண்டால். பேரூந்து நேரே வாசலில் போய் நிற்க வேண்டாம். இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு முதல் நல்ல பாதை பார்த்து இறக்குங்கள். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை ஒவ்வொன்றும் வழியில் ஒரு கல்லைத் தெரிந்தெடுத்து, ஊர் வரைக்கும் கையில் கொண்டு நடக்கட்டும். கைபேசி பைக்குள். முதல் அரைக் கிலோமீட்டர் விளையாட்டாக இருக்கும். பிறகு கை மாற்றும், முறைப்பாடு வரும், அப்பா கொஞ்சம் பிடியுங்கோ என்று வரும். பிடிக்காதீர்கள். வாசலில் கல்லை இறக்கி வைத்துவிட்டு உள்ளே போகட்டும். (உள்ளே இருந்து ஒரு துண்டுகூட எடுக்கக்கூடாது என்று இரண்டு மொழியிலும் சொல்லிவிடுங்கள். எங்கள் பிள்ளைகள்தான், ஆனாலும் சொல்லிவிடுங்கள்.)

அடுத்த கூட்டத்தில் இதை மறுபடியும் நிகழ்ச்சிநிரலில் சேர்க்கும்படி கேட்கிறேன். பின்வரிசையில் இருந்து குரல் கொடுத்த அன்பரும் கட்டாயம் வர வேண்டும். அவர் கொங்கிறீட் வேலையில் முப்பது வருடம் இருந்தவர் என்று பிறகுதான் கேள்விப்பட்டேன். கிழக்குச் சுவர் இத்தனை வருடம் எப்படி நிற்கிறது என்று பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்த அவரைவிட ஆள் எங்களிடம் இல்லை.

சாப்பாட்டுச் செலவு கூடிவிடும் என்று பொருளாளர் கவலைப்பட வேண்டாம். இரண்டு நாளும் நானே சமைக்கிறேன். பெரிய கிடாரம் இரண்டும் காஸ் அடுப்பும் என்னிடம் இருக்கின்றன. மரக்கறி வெட்ட இரண்டு பேர் போதும். கோப்பை கழுவ ஒருவரும் தேவையில்லை, அதையும் நானே பார்த்துக்கொள்கிறேன். பழகின வேலை.

இப்படிக்கு,
மூன்றாம் ஆண்டில் படிக்கும் பேத்தி ஒருத்தியின் அம்மப்பா